வணிகப் பெருந்தகை டி.வி. சுந்தரம் அய்யங்கார்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

வள்ளுவப் பெருந்தகை தம் நூலின் பொருட்பாலில் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நாடாளும் மன்னனுக்கு வேண்டிய அப்பண்பு, வண்டி ஓட்டுபவனுக்கும் கடை நடத்துபவனுக்கும்கூட வேண்டும் என்பதைத் தம் வாழ்நாளில் செய்து காட்டியவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் ஆவார். டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்தை அறியாத தமிழர் இலர். மொபெட்டின் பக்கவாட்டிலும், லாரியின் உதிரி பாகத்திலும், பள்ளிக்கூடத்தின் வாயிலிலும் அவ்வெழுத்துகளைக் கண்டிருக்கிறோம். அவை ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அவற்றுள் முதலெழுத்து அவர் பிறந்த ஊரைக் குறிப்பது என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று உலகெங்கும் கடை விரித்திருக்கும் பெரிய நிறுவனங்களின் தலைமைப் பண்பு பற்றியும், பணிப் பண்பாடு பற்றியும் வணிகவியல் வகுப்புகளில் பாடம் நடக்கிறது. அப்பாடத்துக்கு எடுத்துக்காட்டைக் கடல் கடந்துதான் தேட வேண்டும் என்பதில்லை. நெல்லைச் சீமையில் பிறந்து மதுரையில் வளர்ந்த ஒரு வாழ்க்கையே அதற்குப் போதுமானது. அறிவியல் மாணவனாகிய நான் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முடிவில் கூறுகிறேன்.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் திருக்குறுங்குடி. நூற்றெட்டு வைணவத் திருத்தலங்களுள் ஒன்றாகிய அழகிய நம்பி கோயில் அவ்வூரில் உள்ளது. அங்கே 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் சுந்தரம் பிறந்தார்.

அவர் படித்துச் சட்டத் தொழிலில் இறங்கினார். பின்னர் இரயில்வேயிலும், அதன்பின் வங்கியிலும் பணியாற்றினார். அந்நாளில் ஆங்கிலக் கல்வி பெறும் வாய்ப்பு எல்லாச் சமூகத்தாருக்கும் வாய்த்திருக்கவில்லை. அவருக்கு வாய்த்தது. அதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. ஆனால், அவ்வாய்ப்பைப் பெற்ற பலரும் மாதச் சம்பளம் என்னும் நிழலிலேயே தங்கிவிட்ட காலத்தில், தம் முப்பத்து நான்காம் வயதில் அந்நிழலை விட்டு வெயிலில் இறங்கத் துணிந்தார் என்பதே அவரது தனிச்சிறப்பு.

தொழிலில் அடியெடுத்து வைத்தல்

1911ஆம் ஆண்டில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் என்னும் நிறுவனம் தோன்றியது. 1912இல் மதுரையில் அவரது பேருந்து ஓடத் தொடங்கியது. தென்னாட்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அடிக்கல் நாட்டியவர் அவரே என்று சொல்வது வழக்கம்.

அக்காலத்தை நாம் சற்றே மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். இரயில் பாதை தொடாத ஊர்களுக்கு மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே கதி. சாலைகள் வண்டிச் சக்கரம் பதிந்து பள்ளம் விழுந்தவை. பெட்ரோலும் டயரும் உதிரி பாகமும் கப்பலில் வந்தாக வேண்டும். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்து ஊரில்கூடக் கிடைக்க மாட்டார். இந்நிலையில் பேருந்து விடுவது என்பது ஒரு வண்டி வாங்கி ஓட்டுவதோடு முடியும் காரியம் அன்று. பட்டறை, உதிரி பாகக் கிடங்கு, பயிற்சி பெற்ற ஆட்கள் எனப் பல உறுப்புகள் சேர்ந்தால்தான் ஒரு வண்டி உருளும்.

இதனை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே அவருடைய வணிகம் பேருந்தோடு நிற்கவில்லை. சதர்ன் ரோட்வேஸ் என்ற நிறுவனம் பேருந்துகளையும் லாரிகளையும் பெருமளவில் இயக்கியது. சுந்தரம் மோட்டார்ஸ் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் பெரும் விற்பனை நிலையமாக விளங்கியது. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் உதிரி பாகங்களை விற்றது. தேய்ந்த டயருக்கு மேலே புதிய ரப்பரை வைத்துச் சூடேற்றிப் பதிக்கும் தொழிற்சாலையும் உண்டாயிற்று. வண்டியை விற்பவரே அதைப் பழுது பார்க்கவும், அதற்குப் பாகம் தரவும், அதன் டயரைப் புதுப்பிக்கவும் முன்வந்தமையால், வாங்கியவர் நடுத்தெருவில் விடப்படவில்லை. விற்பதோடு வணிகம் முடிவதில்லை, விற்ற பின்னர்தான் தொடங்குகிறது என்னும் பாடத்தை நாம் இதிலிருந்து பெறுகிறோம்.

காலம் தவறாமை

டி.வி.எஸ். பேருந்துக்குப் பெயர் வாங்கித் தந்தது அதன் வேகம் அன்று. காலம் தவறாமையே ஆகும். மதுரைப் பக்கத்து முதியவர்கள், அப்பேருந்து கடந்து செல்வதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாக இன்றும் சொல்வார்கள். சாலையில் மாட்டு லாடத்தின் ஆணிகள் கிடந்து டயரைக் குத்திவிடும் என்பதற்காக, காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னே அனுப்பி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார்கள் என்றொரு செய்தியும் வழிவழியாக வழங்குகிறது. சொல்லப்படும் கதைகளில் சிறிது மிகை இருக்கலாம். ஆயினும் ஒரு நிறுவனத்தைப் பற்றி மக்கள் எத்தகைய கதையைச் சொல்கிறார்கள் என்பதே அதன் பண்பாட்டுக்கு ஓர் அளவுகோல். சிலருடைய வண்டிகளைப் பற்றி வேறு விதமான கதைகள் வழங்குவதையும் நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா?

கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்து, இருக்கை நிரம்பிய பின் புறப்படுவது தனியார் வண்டிகளின் இயல்பு. அன்றைய வருமானத்தைக் கருதினால் அதுவே சரி என்று தோன்றும். காலியான இருக்கையோடு குறித்த நேரத்தில் புறப்படும் வண்டிக்கு அன்று நட்டம்தான். ஆனால் பயணிக்கு ஒரு நம்பிக்கை பிறக்கிறது. நம்பிக்கை பிறந்தபின் அவன் வேறு வண்டியைத் தேடுவதில்லை. இன்றைய நட்டம் நாளைய முதலாக மாறுகிறது. இந்தக் கணக்கைப் போட ஒருவருக்குப் பணம் மட்டும் இருந்தால் போதாது, பொறுமையும் வேண்டும். நேரம் தவறாமையை முதலாளி ஒருவர் மட்டும் கடைப்பிடித்துப் பயனில்லை. ஓட்டுநர், நடத்துநர், பட்டறையில் எண்ணெய் போடும் பையன் ஈறாக ஒவ்வொருவரும் அதைத் தம் மானமாகக் கருதினால்தான் அது நடக்கும். பணிப் பண்பாடு என்று நூல்கள் பெரிய சொற்களில் விளக்குவது இதைத்தான்.

போர்க்காலச் சோதனை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் (1939–1945) பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பேருந்துத் தொழிலே நின்றுவிடும் நிலை. அப்போது சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்னும் கரிவாயுக் கருவியைத் தயாரித்தது.

வேதியியல் படிக்கும் நண்பர்களுக்கு இது மிக எளிதாகப் புரியும். ஓர் உருளையில் மரக்கரியை நிரப்பி, குறைந்த அளவு காற்றை உட்செலுத்தி எரித்தால் முதலில் கரியமில வாயு உண்டாகிறது. அது மேலே தகதகவென்று கனலும் கரியின் ஊடே செல்லும்போது ஆக்சிஜனில் ஒரு பங்கை இழந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. இவ்வாயு எரியக்கூடியது. அதைக் குளிர்வித்து, சாம்பலும் தூசும் நீக்கி எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் இன்றியே வண்டி ஓடும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனும் அதில் பெருமளவு கலந்திருப்பதால் வெப்பத்திறன் குறைவு. எஞ்சினின் ஆற்றல் குறையும், மேட்டில் வண்டி திணறும், கரியை அடிக்கடி போட வேண்டும். பயணிகளுக்கும் புகையும் கரியும் தொல்லைதான். ஆயினும் வண்டி நிற்கவில்லை. உள்ளூர்க் காட்டில் கிடைத்த கரி, கடல் கடந்து வந்த எண்ணெயின் வேலையைச் செய்தது. தட்டுப்பாடு வந்தவுடன் கடையை மூடிவிட்டு விலை ஏறக் காத்திருந்தவர்களும் அக்காலத்தில் உண்டு. இருப்பதைக் கொண்டு ஊரை ஓடச் செய்தவர்களும் உண்டு. தலைமை என்பது சோதனைக் காலத்தில்தான் தெரியும்.

இல்லத்தில் ஒரு சோதனை

தொழிலில் உறுதியாக நின்ற அவருக்கு இல்லத்திலும் ஒரு சோதனை வந்தது. அவர் மகள் சௌந்தரம் 1904இல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. மருத்துவராக இருந்த கணவர் பிளேக் நோய்க்கு இரையானார். இளம் விதவையை மூலையில் அமர்த்திவைக்கும் காலம் அது. அம்மகளோ தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936இல் மருத்துவரானார். அங்கே காந்தியடிகளின் தொடர்பும் கிட்டியது.

பின்னர் அவர் கேரளத்தைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பினார். விதவை மறுமணம், அதிலும் கலப்பு மணம். வீட்டார்க்கு முதலில் இசைவில்லை. ஆயிரம் வண்டிகளை நேரத்துக்கு ஓட்டலாம். ஆனால் வழிவழி வந்த வழக்கத்தின் தடத்தை மாற்றுவது அத்தனை எளிதன்று. முடிவில் 1940இல் காந்தியடிகளின் ஆசியுடன் திருமணம் நடந்தேறியது. 1947இல் அவ்விருவரும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். இன்று அது ஒரு பல்கலைக்கழகமாக நிற்கிறது. டாக்டர் சௌந்தரம் 1962இல் நடுவணரசின் கல்வித் துறைத் துணையமைச்சரும் ஆனார்.

இந்நிகழ்ச்சியை நான் விடாமல் எழுதுவதற்குக் காரணம், பெரியோர் வரலாற்றில் அவர்கள் தயங்கிய இடங்களையும் நாம் அறிய வேண்டும் என்பதே. தயங்கினார்கள் என்பதனால் அவர்கள் சிறியவர்கள் ஆகிவிட மாட்டார்கள். நம்மைப் போன்ற மனிதர்கள் என்பது விளங்கும்.

மறைவும் மரபும்

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், கொடைக்கானலில் அவர் இயற்கை எய்தினார். அதற்கு முன்னாண்டு, 1954இல், அவர் மகன் டி.எஸ். சந்தானம் இரண்டு இலட்ச ரூபாய் முதலீட்டில் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். லாரி வாங்கக் கடன் கொடுப்பது அதன் தொழில். பின்னர் லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம்-கிளேட்டன், சுந்தரம் பாஸனர்ஸ் எனத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் சாலைக்கு வந்தது. பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை அதில் ஏறினார்கள். தரத்துக்காக ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசை சுந்தரம்-கிளேட்டன் 1998இலும் டி.வி.எஸ். மோட்டார் 2002இலும் பெற்றன. மதுரையில் டி.வி.எஸ். நகர் என்று ஒரு குடியிருப்பே உண்டாயிற்று. 2022இல் குடும்பத்தின் கிளைகள், தாம் தாம் நடத்தி வந்த நிறுவனங்களின் உரிமையைத் தமக்குள் பிரித்துக்கொண்டன. மூதாதை விட்டுச்சென்ற மரம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒரே வேரில் நின்றது என்பதே அரிய செய்தி.

பேருந்துகளோ 1972இலேயே கைமாறிவிட்டன. தமிழக அரசு பெரிய தனியார் பேருந்துகளை நாட்டுடைமையாக்கியபோது மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. இதைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. காலம் தவறாத வண்டி போயிற்றே என்று வருந்தியவர் பலர். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தையும், அதில் இலவசப் பயண அட்டையோடு வரும் நம் மலைவாழ் நண்பர்களையும், 2021 முதல் கட்டணமின்றி நகரப் பேருந்தில் செல்லும் தாய்மார்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இலாபம் ஒன்றே கருதும் வண்டி அத்தடங்களில் ஏறியிருக்குமா என்பது ஐயமே. அரசின் பரந்த உள்ளமும், அன்னாரின் காலம் தவறாமையும் ஒரே வண்டியில் சேர்ந்து வர வேண்டும் என்பதே எலவனாசூர்கோட்டை நிறுத்தத்தில் காலை நேரத்தில் நிற்கும் என் போன்றோரின் வேண்டுதல்.

கடலுக்கு அப்பால் ஓர் ஒப்புமை

அமெரிக்காவில் சாம் வால்டன் என்றொருவர் இருந்தார். 1918இல் பிறந்து, 1945இல் ஆர்க்கன்சா மாநிலத்துச் சிற்றூரில் ஒரு கடையோடு தொடங்கி, 1962இல் வால்மார்ட் என்னும் கடையைத் திறந்தார். பெருநகரங்களை விட்டுச் சிற்றூர்களில் கடை வைத்ததும், விலையைக் குறைத்து விற்பனையைப் பெருக்கியதும் அவர் வழி. பெருஞ்செல்வரான பின்னும் பழைய சரக்கு வண்டி ஒன்றையே ஓட்டிக்கொண்டு கடை கடையாகச் சென்று ஊழியரோடு பேசினார். ஊழியர்களைக் கூட்டாளிகள் என்று அழைத்தார். 1971 முதல் இலாபத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு வைத்தார். 1992இல் அவர் மறைந்தார். இன்று அந்நிறுவனத்தில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிகின்றனர். 2018இல் நம் நாட்டு ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கையும் அது வாங்கியது.

ஆனால் அதே நிறுவனம் கூலி குறைவு என்றும், தொழிற்சங்கத்துக்கு இடம் தருவதில்லை என்றும் நெடுங்காலமாகக் குறைகூறப்பட்டு வந்துள்ளது. கூட்டாளி என்று அழைப்பது எளிது, கூட்டாளியாக நடத்துவதே அரிது. ஒரு தலைவரின் பண்பு, அவர் நேரில் சென்று பார்க்கும் கடைகள் வரை செல்லும். அவர் பார்க்க முடியாத கடைக்கும், அவர் மறைந்த பின் வரும் தலைமுறைக்கும் அது செல்ல வேண்டுமானால், அது வழக்கமாகவும் விதியாகவும் மாறி இருக்க வேண்டும். சுந்தரம் அய்யங்கார் வண்டியில் ஏறிப் பார்க்காத நாளிலும் அவ்வண்டி நேரத்துக்குப் புறப்பட்டது. அதுவே அவர் வெற்றி.

முடிவுரை

இனி, நான் இப்பொருளை எடுத்துக்கொண்ட காரணத்தைக் கூறுகிறேன். என் அக்கா ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறார். காலையில் நானும் அவரும் ஒரே பேருந்தில்தான் புறப்படுகிறோம். நான் வகுப்பில் ஐந்து மணி நேரம் அமர்ந்திருக்கிறேன். அவர் கடையில் இரவு வரை நிற்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான் ஒருவனே. அவர் நின்று ஈட்டிய பணத்தில்தான் நான் அமர்ந்து படிக்கிறேன்.

2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, விற்பனை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தார்கள். கேரளத்துக்கு அடுத்து அவ்வுரிமையைத் தந்தது நம் மாநிலமே. அச்சட்டத்துக்குப் பின் அக்கா வேலை செய்யும் கடையிலும் முக்காலிகள் வந்தன. ஆனால் ஆள் இல்லாத நேரத்திலும் அதில் அமர அவருக்குத் துணிவு வருவதில்லை. அமர்ந்தால் மேற்பார்வையாளரின் முகம் மாறுகிறதாம். இரவில் வீங்கிய காலுக்கு அம்மா வெந்நீர் ஊற்றும்போது, சட்டம் முக்காலியைத் தரும், அமரச் சொல்லும் மனத்தைத் தருவது யார் என்று நான் எண்ணிக்கொள்வேன். அந்த மனத்துக்குத்தான் பணிப் பண்பாடு என்று பெயர். அது மேலிருந்து கீழே வர வேண்டியது. முதலாளி ஒரு நாள் கடைக்குள் வந்து, நிற்பவரைப் பார்த்து அமரச் சொல்லிவிட்டால், மறுநாள் மேற்பார்வையாளரின் முகமும் தானே மலரும்.

மாணவ நண்பர்களே! நம்மில் சிலர் நாளை கடை வைப்போம். சிலர் பட்டறை வைப்போம். சிலர் அலுவலகத்தில் நாலு பேருக்கு மேலதிகாரியாக அமர்வோம். அன்று நமக்கு வண்டிகள் எத்தனை, கிளைகள் எத்தனை என்று உலகம் கேட்கும். கேட்கட்டும். நம்மிடம் வேலை செய்பவர் இரவில் வீடு திரும்பி நம்மைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை நாம் கேட்டுக்கொள்வோம். திருக்குறுங்குடியில் பிறந்த அப்பெருந்தகையின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது, சொன்ன நேரத்தில் புறப்படுவதும், உடன் வருவோரை நடுவழியில் விட்டுவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுமே ஆகும். அவ்வழியில் நடப்போம், உயர்வோம்!